துணைக்கு ஒரு போர் விமானம்கூட இல்லை: அணுகுண்டு சுமந்த பி-29கள் எப்படித் திரும்பி வந்தன?

கேட்கப்பட்டது இதுதான்: 1945 ஆகஸ்டில் அணுகுண்டோடு வந்த விமானத்துக்குப் பாதுகாப்பாக ஒரு போர் விமானம்கூட வரவில்லையே, ஜப்பான் ஏன் அதைச் சுட்டு வீழ்த்தவில்லை? ஒரு நகரத்தையே அழித்த வெடிப்பில் அந்த விமானம் மட்டும் எப்படித் தப்பியது? பி-29க்குப் பதில் வேறு விமானம் போயிருக்க முடியாதா? மூன்றாவது குண்டு என்று ஒன்று இருந்ததா?

விமானத்தில் இருந்தே தொடங்குகிறேன். மற்ற பதில்களில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

அணுகுண்டு தயாரித்த மன்ஹாட்டன் திட்டத்துக்கு அமெரிக்கா சுமார் 200 கோடி டாலர் செலவழித்தது. பி-29 சூப்பர்ஃபோர்ட்ரஸ் விமானத் திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 300 கோடி டாலர். குண்டைவிட அதைச் சுமக்கும் வாகனத்துக்கு அதிகச் செலவு என்றால் பலர் நம்புவதில்லை. ஆனால் அன்றைக்கு அது எவ்வளவு புதிய விமானம் என்று பார்த்தால் ஆச்சரியம் போய்விடும். இறக்கையின் நீளம் 43 மீட்டர். ஆட்கள் இருக்கும் பகுதிகளில் காற்றழுத்தம் சீராக வைக்கப்பட்டிருந்ததால் 9 கிலோமீட்டர் உயரத்திலும் ஆக்சிஜன் முகமூடி இல்லாமல் வேலை செய்யலாம். முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் நடுவே, குண்டு அறைகளுக்கு மேலே, ஒரு ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு ஒரு குழாய்ப் பாதை. துப்பாக்கிகளைத் தூரத்தில் உட்கார்ந்தபடி இயக்கும் வசதி.

சிக்கல் எஞ்சினில் இருந்தது. 18 சிலிண்டர், 2,200 குதிரைத்திறன் கொண்ட ரைட் நிறுவன எஞ்சின்கள் நான்கு. பின்வரிசை சிலிண்டர்களுக்குக் காற்று போதாமல் சூடேறித் தீப்பிடிக்கும். எஞ்சினின் உடற்பகுதியில் மக்னீசியக் கலவை வேறு. பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம். 1943 பிப்ரவரி 18 அன்று சியாட்டிலில் சோதனை ஓட்டத்துக்குப் போன இரண்டாவது மாதிரி விமானம் எஞ்சின் தீயால் ஓர் இறைச்சித் தொழிற்சாலை மீது விழுந்தது. போயிங்கின் தலைமைச் சோதனை விமானி எடி ஆலனும் கூட இருந்தவர்களும் இறந்தார்கள். தொழிற்சாலைக்குள் இருந்தவர்களும் பலர் இறந்தார்கள். அந்த எஞ்சின் பிரச்சினை போர் முடியும் வரை முழுதாகத் தீரவே இல்லை.

இடையில் ஒரு சின்னத் தகவல். இந்த விமானங்கள் முதலில் போருக்குப் போனது நம் பக்கத்தில் இருந்துதான். 1944இல் வங்காளத்தின் கரக்பூரைச் சுற்றியிருந்த தளங்களில் பி-29கள் நின்றன. இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குப் போய், அங்கே எரிபொருள் நிரப்பி, பிறகுதான் ஜப்பானை எட்ட முடியும். அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று திருகோணமலை சீனக்குடா விமானத்தளத்தில் இருந்து 50க்கும் மேற்பட்ட பி-29கள் சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கக் கிளம்பின. போக வர 6,000 கிலோமீட்டருக்கு மேல். பெரிய சேதம் எதுவும் விளையவில்லை. ஆனால் அந்த விமானத்தின் தூரம் என்னவென்று எல்லோருக்கும் புரிந்தது.

சரி, வேறு விமானம் போயிருக்க முடியாதா? ஒரு கட்டத்தில் பிரிட்டனின் லங்காஸ்டரைத்தான் யோசித்தார்கள். அணுகுண்டை விமானத்தோடு பொருத்தும் வேலையைக் கவனித்த இயற்பியலாளர் நார்மன் ராம்சே 1943இல் லங்காஸ்டரை வடிவமைத்த ராய் சாட்விக்கையே சந்தித்துப் பேசினார். காரணம், அப்போது திட்டமிட்டிருந்த புளுட்டோனியக் குண்டான 'தின் மேன்' 5 மீட்டருக்கு மேல் நீளம். பி-29இல் இரண்டு குண்டு அறைகள் தனித்தனியாக இருந்தன. எதிலும் அது நுழையாது. லங்காஸ்டரின் குண்டு அறையோ 10 மீட்டர் நீளத்துக்கு ஒரே வாயாகத் திறந்து கிடந்தது. ஆனால் அமெரிக்கத் தலைமை, அமெரிக்கக் குண்டு அமெரிக்க விமானத்தில்தான் போக வேண்டும் என்று நின்றது. கௌரவத்தை விடுங்கள், கணக்கும் அந்தப் பக்கம்தான். மரியானா தீவுகளில் இருந்து ஜப்பான் போய்வர 5,000 கிலோமீட்டருக்குப் பக்கம். நான்கரை டன் குண்டோடு அவ்வளவு தூரத்தையும் அந்த உயரத்தையும் லங்காஸ்டர் தாங்காது.

ஆகவே பி-29இன் இரண்டு அறைகளையும் வெட்டி ஒன்றாக்கினார்கள். அந்த வேலை முடிந்த பிறகு 1944 ஜூலையில் தின் மேனே கைவிடப்பட்டது. அணு உலையில் உண்டாகும் புளுட்டோனியம் தானாகவே பிளந்து நியூட்ரான்களை விடுவதால், துப்பாக்கி முறையில் இரண்டு துண்டுகளை மோதவிட்டால் சரியாகச் சேர்வதற்குள்ளேயே வீணாகிவிடும் என்று தெரிந்தது. யுரேனியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. எனவே யுரேனியத்தோடு 'லிட்டில் பாய்' 3 மீட்டராகச் சுருங்கியது. புளுட்டோனியம் எல்லாப் பக்கமும் வெடிமருந்து சூழ்ந்து அமுக்கும் 'ஃபேட் மேன்' ஆனது. அதன் விட்டம் ஒன்றரை மீட்டர். பி-29இன் குண்டு அறை அதற்குமேல் இடம் தராது. குண்டுக்கு ஏற்ப விமானத்தை மாற்றினார்கள், விமானத்துக்கு ஏற்பக் குண்டையும் மாற்றினார்கள்.

இப்படித் தனியாகத் தயாரான பி-29களுக்குச் 'சில்வர்பிளேட்' என்று ரகசியப் பெயர். வாலில் இருந்த துப்பாக்கிகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாத் துப்பாக்கி மேடைகளையும் கழற்றினார்கள். கவசத் தகடுகளும் போயின. மூன்று டன்னுக்கு மேல் எடை குறைந்தது. தரையிறங்கிய பிறகு எதிர்த்திசையில் காற்றைத் தள்ளி வேகத்தைக் குறைக்கும் உந்துவிசிறிகள் வந்தன. இவற்றை நினைவில் வையுங்கள், நாகசாகி கதையில் திரும்ப வரும். குண்டைத் தொங்கவிடும் கொக்கி பட்ட பாடு பெரிய பாடு. முதலில் பயன்படுத்திய கொக்கிகள் சோதனையில் சிலமுறை குண்டை விடவே இல்லை. ஒருமுறை நேரத்துக்கு முன்பே விட்டு, மூடியிருந்த கதவின் மேலேயே மாதிரிக் குண்டு விழுந்தது. கடைசியில் லங்காஸ்டர் தன் பெரிய குண்டுகளுக்குப் பயன்படுத்திய ஒற்றைக் கொக்கியைத்தான் எடுத்துப் பொருத்தினார்கள். பிரிட்டிஷ் விமானம் வேண்டாம் என்றவர்களுக்குப் பிரிட்டிஷ் கொக்கி வேண்டியிருந்தது.

1944 டிசம்பரில் யூட்டா மாநிலப் பாலைவனத்தின் வெண்டோவர் தளத்தில் 509ஆவது கூட்டுப் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. தலைவர் கர்னல் பால் டிபெட்ஸ், வயது 29.

அடுத்த கேள்வி, வெடிப்பில் இருந்து தப்பியது எப்படி.

விமானத்தில் இருந்து விடுபடும் குண்டு நேர் கீழே விழாது. விமானத்தின் வேகம் அதற்கும் இருக்கும். விழுந்துகொண்டே முன்னாலும் போகும். விமானி திரும்பாமல் நேராகப் போனால், குண்டு வெடிக்கும்போது அவர் கிட்டத்தட்ட அதன் தலைக்கு மேலே இருப்பார். 9,400 மீட்டர் உயரத்தில் விட்ட குண்டு தரைக்கு 580 மீட்டர் மேலே வெடிக்க எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 43 விநாடி. அதற்குள் எவ்வளவு தூரம் விலகலாம் என்பதுதான் எல்லாம். முழுதாக 180 டிகிரி திரும்பலாமே என்று தோன்றும். ஆனால் திரும்பி முடிக்க நேரம் ஆகும். அந்த நேரத்தில் தூரம் கூடாது. வெடிக்கும் இடத்தில் இருந்து மிக வேகமாக விலகும் பாதை 150 டிகிரிக்குச் சற்று மேலே என்று கணக்குப் போட்டார்கள். எனவே குண்டு கழன்ற நொடியில் 155 டிகிரி கூர்மையாகத் திரும்பி, மூக்கைக் கீழே சாய்த்து வேகம் பிடிக்க வேண்டும். நான்கு எஞ்சின் வைத்த பெரிய விமானத்தைச் சண்டை விமானம் மாதிரி ஒடிக்கும் வித்தை இது. மாதக்கணக்கில் இதையே பழகினார்கள். துப்பாக்கிகளைக் கழற்றி எடையைக் குறைத்ததன் பலன் இங்கேயும் கிடைத்தது.

வெடிப்பின் வெளிச்சம் உடனே வந்துவிடும். அதிர்ச்சி அலை ஏறக்குறைய ஒலியின் வேகத்தில்தான் வரும். ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே விமானத்தை அது எட்டியபோது விமானம் சுமார் 18 கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தது. வால் பகுதியில் இருந்த ஜார்ஜ் கேரன் அந்த அலை காற்றில் வளையமாகப் பரவி வருவதைக் கண்ணால் பார்த்தார். உலோகத் தகட்டைத் தட்டிய மாதிரி விமானம் அதிர்ந்தது. கீழே இருந்து சுடுகிறார்கள் என்றே முதலில் நினைத்தார்கள். தரையில் பட்டுத் திரும்பிய இரண்டாவது அலையும் வந்தது. அதோடு சரி.

ஜப்பான் ஏன் சுடவில்லை? அன்று காலை ஹிரோஷிமாவில் என்ன நடந்தது என்று பார்த்தாலே புரியும். 7 மணி கடந்து சில நிமிடங்களில் வானிலை பார்க்க வந்த ஒரு பி-29 நகரத்துக்கு மேலே சுற்றியது. அபாயச் சங்கு ஊதினார்கள். அது போய்விட்டது, 7.31க்கு ஆபத்து நீங்கியதாக அறிவித்தார்கள். மக்கள் வேலைக்குக் கிளம்பினார்கள். குண்டுத் தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து வெளி ஏற்படுத்தும் வேலையில் ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் திறந்தவெளியில் நின்றார்கள். 8.15க்கு வந்தவை மூன்று விமானங்கள் மட்டுமே: குண்டு சுமந்தது, அளவுக் கருவிகளைப் போட்டது, படம் எடுத்தது. நூற்றுக்கணக்கில் வந்தால்தான் தாக்குதல் என்பது அதுவரை அவர்கள் பட்ட அனுபவம். மார்ச் 9-10 இரவில் டோக்கியோவை எரிக்க வந்தவை ஏறக்குறைய 280. அன்று சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். இரண்டு மூன்று விமானங்கள் வானிலைக்கோ படமெடுக்கவோ தினமும் வந்து போயின. அவற்றைத் துரத்த எரிபொருள் செலவழிக்கும் நிலையில் ஜப்பான் இல்லை. நிலத்தில் அமெரிக்கா இறங்கும்போது வேண்டும் என்று விமானங்களையும் பெட்ரோலையும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள். துரத்தினாலும் 9 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி வருவதற்குள் பி-29 போய்விடும்.

இதில் 509ஆவது பிரிவின் பங்கும் இருந்தது. ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 14 வரை ஃபேட் மேன் வடிவத்திலேயே சாதாரண வெடிமருந்து நிரப்பிய 'பூசணி' குண்டுகள் 49ஐ ஜப்பானில் தனித்தனி விமானங்களாகப் போய்ப் போட்டார்கள். விமானிகளுக்குப் பயிற்சி என்பது முக்கிய நோக்கம். தனி விமானத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்று ஜப்பானியர்கள் பழகிப்போனது கூடுதல் பலன். துணைக்குப் போர் விமானங்கள் வந்திருந்தால் அந்தப் பழக்கம்தான் கெட்டிருக்கும்.

ஹிரோஷிமா பயணத்தில் ஆபத்தான கட்டம் ஜப்பானுக்கு மேலே இல்லை, கிளம்பிய இடமான மரியானாவின் தினியன் தீவு ஓடுபாதையிலேயே இருந்தது. கிளம்பும் எடை 65 டன்னுக்கு மேல். கிளம்பும்போதே பி-29கள் விழுந்து எரிவதை ஆயுதப் பொறுப்பாளர் கேப்டன் வில்லியம் பார்சன்ஸ் முந்தைய நாட்களில் தன் கண்ணால் பார்த்திருந்தார். லிட்டில் பாய் துப்பாக்கி முறைக் குண்டு. தீப்பிடித்து உள்ளே இருக்கும் மருந்து வெடித்தால் தீவோடு போய்விடும். எனவே மருந்தைப் பறக்கும்போது நிரப்புவது என்று முடிவு செய்தார். முதல் நாள் மாலை வெக்கையில் குண்டு அறைக்குள் குனிந்து உட்கார்ந்து கை கறுக்கும் வரை பழகிப் பார்த்தார். ஆகஸ்ட் 6 அதிகாலை 2.45க்குக் கிளம்பியதும், குண்டு அறையில் காற்றழுத்தம் இல்லாததால், உயரம் ஏறுவதற்கு முன்பே அவரும் மோரிஸ் ஜெப்சனும் உள்ளே இறங்கி மருந்துப் பைகளை வைத்து முடித்தார்கள். பின்னர் ஜெப்சன் பச்சைச் செருகிகளை எடுத்துவிட்டுச் சிவப்புச் செருகிகளை மாட்டினார். அதோடு குண்டு தயார். குறி வைத்தது டி வடிவிலான அயோய் பாலம். விலகியது சுமார் 240 மீட்டர். ஷிமா மருத்துவமனைக்கு நேர் மேலே வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

திட்டம் அப்படியே நடந்தது என்பதால் எல்லோரும் ஹிரோஷிமா பயணத்தைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அந்த விமானத்தையும் அந்தத் திட்டத்தையும் புரிந்துகொள்ள ஆகஸ்ட் 9ஐத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது குண்டை முதலில் 11ஆம் தேதிக்குத் திட்டமிட்டிருந்தார்கள். வானிலை கெடும் என்று இரண்டு நாள் முன்னால் இழுத்தார்கள். ஃபேட் மேனில் பார்சன்ஸ் செய்ததுபோல் பறக்கும்போது மருந்து நிரப்ப முடியாது. வெடிமருந்தும் புளுட்டோனியமும் ஏற்கனவே உள்ளே பூட்டியாகிவிட்டது. செருகி மாற்றுவது மட்டும்தான் வானத்தில் செய்யலாம். அதாவது முழுக் குண்டோடு ஓடுபாதையில் ஓட வேண்டும். சார்லஸ் ஸ்வீனி ஓட்டிய 'பாக்ஸ்கார்' கிளம்பும் முன்பே ஒரு எரிபொருள் பம்ப் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. உபரித் தொட்டியில் இருந்த சுமார் 2,400 லிட்டர் பெட்ரோலை எடுக்க வழியில்லை. ஆனால் அதன் எடையை ஜப்பான் வரை சுமந்து திரும்பிக் கொண்டுவந்தாக வேண்டும். பம்பை மாற்ற மணிக்கணக்கில் ஆகும். குண்டை வேறு விமானத்துக்கு மாற்றுவதும் அப்படியே, ஆபத்தும் கூட. பேசிப் பார்த்துவிட்டு கிளம்பிவிட்டார்கள்.

படம் எடுக்கும் விமானத்தில் ஒரு கூத்து. விரைவுக் கேமராவை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் இயற்பியலாளர் ராபர்ட் செர்பர். பாராசூட் இல்லை என்று அவரை ஓடுபாதையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த விமானம் யாகுஷிமா தீவுக்கு மேலே சந்திக்க வேண்டிய இடத்துக்கும் ஒழுங்காக வந்து சேரவில்லை. 15 நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்பது உத்தரவு. ஸ்வீனி சுமார் 40 நிமிடம் சுற்றினார். இருந்த எரிபொருளும் கரைந்தது.

குறி கோகுரா, அதன் பெரிய ஆயுதத் தொழிற்சாலை. வானம் தெளிவு என்று முன்னால் போன வானிலை விமானம் சொல்லியிருந்தது. இவர்கள் போனபோது மூட்டமும் புகையும். முந்தைய நாள் பக்கத்து ஊரான யாவாத்தாவை 200க்கும் மேற்பட்ட பி-29கள் எரித்திருந்தன; அந்தப் புகை இந்தப் பக்கம் வந்திருக்கலாம். கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு. மூன்று முறை குறுக்காகப் பறந்தும் குண்டு போடும் பொறுப்பில் இருந்த கெர்மிட் பீஹனுக்குக் குறி தெரியவில்லை. கீழே இருந்து வந்த குண்டுகள் நெருங்கி வெடித்தன, ஜப்பானிய விமானங்கள் மேலேறி வருவதும் தெரிந்தது. சுமார் 50 நிமிடம் அங்கேயே போயிற்று. முதல் கேள்விக்கு இது இன்னொரு பதில்: ஜப்பான் எப்போதும் சும்மா இருக்கவில்லை.

நாகசாகிக்குத் திரும்பினார்கள். இருந்த எரிபொருளில் ஒரே ஒருமுறை குறுக்காகப் பறக்கலாம். அங்கும் மேகம். ரேடாரை நம்பிப் போட ஆயுதப் பொறுப்பாளர் பிரெடரிக் ஆஷ்வொர்த் சம்மதித்தார், உத்தரவை மீறுவதுதான். கடைசி நொடிகளில் ஒரு மேக இடைவெளி தெரிகிறது என்று பீஹன் குரல் கொடுத்துக் குண்டை விட்டார். 11.02க்கு வெடித்தது, குறி வைத்த இடத்தில் இருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, உராகாமி பள்ளத்தாக்குக்கு மேலே. ஹிரோஷிமாவைவிடப் பெரிய வெடிப்பு, சுமார் 21 கிலோடன். நகரத்தின் ஒரு பகுதியை இடையில் இருந்த மலைகள் மறைத்தன. உராகாமியில் இருந்த பேராலயமும் அதைச் சுற்றியிருந்த கத்தோலிக்கக் குடும்பங்களும் நேர் கீழே சிக்கிக்கொண்டன. ஆண்டு முடிவுக்குள் இறந்தவர்கள் சுமார் 70,000 பேர்.

தினியன் திரும்பப் பெட்ரோல் இல்லை. ஒகினாவாவின் யோந்தான் தளத்தை நோக்கிப் போனார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் பதிலே சொல்லவில்லை. ஓடுபாதையில் மற்ற விமானங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. வழி விடுங்கள் என்று கையில் இருந்த வண்ண ஒளிக்குண்டுகளை எல்லாம் சுட்டார்கள். இறங்கும்போதே ஒரு எஞ்சின் எரிபொருள் இல்லாமல் நின்றது. வேகமாக இறங்கிக் குதித்து, வரிசையாக நின்ற பி-24 விமானங்கள் பக்கம் ஒதுங்கிய பாக்ஸ்காரை நிறுத்தியது அந்த எதிர்த்திசை உந்துவிசிறிகள்தான். அவை இல்லாத சாதாரண பி-29ஆக இருந்திருந்தால் இந்தப் பயணம் வேறு மாதிரி முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது குண்டு? இருந்தது, ஆனால் முழுதாக இல்லை. ஆகஸ்ட் 17, 18க்குப் பிறகு வானிலை சரியானதும் அடுத்த குண்டைப் போடலாம் என்று திட்டத் தலைவர் லெஸ்லி குரோவ்ஸ் 10ஆம் தேதி எழுதினார். தன் நேரடி அனுமதி இல்லாமல் இனி போடக்கூடாது என்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் அன்றே நிறுத்திவைத்தார். 15ஆம் தேதி ஜப்பான் பேரரசர் வானொலியில் சரணடைவதை அறிவித்தார். அந்தக் குண்டுக்கான புளுட்டோனியக் கோளம் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தை விட்டுப் போகவே இல்லை. அடுத்த சில மாதங்களில் அதை வைத்துச் செய்த சோதனைகளில் நேர்ந்த இரண்டு விபத்துகளில் ஹாரி டாக்லியன், லூயிஸ் ஸ்லோட்டின் என்ற இரு விஞ்ஞானிகள் கதிர்வீச்சு பட்டு இறந்தார்கள். 1946 கோடையில் அதை உருக்கி வேறு குண்டுகளுக்குப் பயன்படுத்தினார்கள்.